ஒளி ஊடுருவும் வண்ணக் கண்ணாடி வாழ்த்து அட்டை: தொடக்கநிலையினருக்கான செய்முறை

தேவாலயச் சாளரங்களில் காணும் வண்ணக் கண்ணாடியின் தோற்றத்தை, ஓஎச்பி ஷீட் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்), கருப்பு லைனர் (பிதுக்கினால் உயர்ந்த கோடாகப் படியும் வண்ணக் கூழ்), பர்மனென்ட் மார்க்கர், நிறமற்ற கிளேஸ் (காய்ந்ததும் கண்ணாடிபோல் பளபளக்கும் கெட்டித் திரவம்) ஆகியவற்றைக் கொண்டு ஒரு வாழ்த்து அட்டையில் கொண்டுவர முடியும். பலர் வெள்ளைத் தாளில் வண்ணம் தீட்டி அதன்மேல் கிளேஸ் ஊற்றுகிறார்கள். பளபளப்பு கிடைக்கும், ஆனால் கண்ணாடி கிடைக்காது. வண்ணத்தின் வழியாக ஒளி புகுந்து வர வேண்டும் என்பதால், இந்த அட்டையின் முகப்பில் நாம் ஒரு சாளரமே வெட்டப்போகிறோம்.

250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 250 கிராம்) எடையுள்ள ஏ4 அட்டையைக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஒரு பாதியை மடித்தால் 105 × 148 மில்லிமீட்டர் அட்டை கிடைக்கும். முகப்பை விரித்து வைத்து, மேலிருந்து 19 மில்லிமீட்டர், பக்கங்களில் 15 மில்லிமீட்டர் விட்டு, 75 × 80 மில்லிமீட்டரில் ஒரு சாளரத்தை இரும்பு ஸ்கேல் வைத்துக் கட்டரால் வெட்டுங்கள். சாளரத்துக்குக் கீழே மிஞ்சும் இடத்துக்கு நேர் பின்னால், உட்பக்கத்தில்தான் வாழ்த்தை எழுதப்போகிறோம். சாளரத்தின் பின்னால் எழுதினால் எழுத்துகள் வண்ணத்தின் ஊடாகத் தெரிந்து படத்தைக் குழப்பிவிடும்.

அடுத்தது வரைபடம். உண்மையான வண்ணக் கண்ணாடிச் சாளரத்தில் ஒவ்வொரு துண்டையும் ஈயப் பட்டை சுற்றிப் பிடித்திருக்கும். எனவே எந்தக் கோடும் கண்ணாடியின் நடுவில் அந்தரத்தில் நின்றுவிடாது. நம் வரைபடத்துக்கும் அதே விதிதான், ஏனெனில் கோடுகள் சூழ்ந்து மூடிய கட்டத்துக்குள்தான் கிளேஸ் தங்கும். ஒரு தாளில் 73 × 78 மில்லிமீட்டர் செவ்வகம் வரைந்து, அதன் நடுவில் 32 மில்லிமீட்டர் ஆரத்தில் வட்டமிடுங்கள். காம்பஸின் அளவை மாற்றாமல், அதன் முனையை வட்டத்தின் மேலேயே வைத்து உள்ளே ஒரு வில் வரைந்து, அது வட்டத்தை வெட்டும் இடத்துக்கு முனையை நகர்த்தி மீண்டும் வரைந்துகொண்டே சென்றால், ஆறு இதழ்ப் பூ ஒன்று தானே உருவாகும். வட்டத்தின் மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு இடங்களிலிருந்து செவ்வகத்துக்குச் சிறு கோடுகள் இழுத்துவிட்டால் மொத்தம் 16 மூடிய கட்டங்கள் கிடைக்கும்.

85 × 90 மில்லிமீட்டரில் வெட்டிய ஓஎச்பி ஷீட்டை, விரல் ரேகை படியாமல் துடைத்து, வரைபடத்தின் மேல் டேப்பால் ஒட்டிக் கருப்பு லைனரால் கோடுகளைப் பின்பற்றுங்கள். லைனரின் முனையை ஷீட்டில் தேய்க்காமல், பிதுங்கும் இழையைச் சற்று மேலிருந்து படியவிட்டால் கோடு சீராக உயர்ந்து நிற்கும். இரண்டு கோடுகள் சந்திக்கும் மூலைகளில் ஊசிமுனை இடைவெளிகூட இருக்கக் கூடாது. கோடுகள் தொட்டால் ஒட்டாத அளவுக்கு நன்றாகக் காயட்டும்.

காய்ந்த ஷீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் பர்மனென்ட் மார்க்கரால் வண்ணம் தீட்டுங்கள். கிளேஸின் ஈரம் மையைத் தொட்டால் வண்ணம் கலங்கக்கூடும். பின்பக்கம் தீட்டினால் நடுவில் ஷீட் இருப்பதால் அந்தக் கவலையே இல்லை. பாரிஸ் நகரில் 1248இல் அர்ப்பணிக்கப்பட்ட சேன்ட் ஷப்பேல் தேவாலயத்தின் சாளரங்களில் நீலமும் சிவப்புமே மேலோங்கி நிற்கின்றன. அந்தக் கட்டுப்பாட்டை நாமும் பின்பற்றி, இதழ்களுக்கு நீலம், இதழிடை வெளிகளுக்குச் சிவப்பு, நான்கு மூலைகளுக்கு மஞ்சள் என்று மூன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இனி கிளேஸ், இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. குளோஸி ஆக்சென்ட்ஸ் போன்ற, நுண்ணிய முனையுள்ள புட்டியில் வரும் கிளேஸ் வசதியானது. புட்டியைக் குலுக்காதீர்கள், குலுக்கினால் உள்ளே குமிழிகள் நிறைந்துவிடும். முதல் துளிகளைக் கழிவுத் தாளில் பிதுக்கிவிட்டு, ஷீட்டின் முன்பக்கம் ஒரு கட்டத்தின் ஓரத்தை ஒட்டியே முதலில் ஒரு சுற்று வந்து, பிறகு நடுப்பகுதியை நிரப்புங்கள். புட்டியின் முனை கிளேஸுக்குள் அமிழ்ந்தபடியே நகர வேண்டும். எடுத்து எடுத்து வைத்தால் ஒவ்வொரு முறையும் காற்று உள்ளே போகும். திரவம் கோட்டின் உயரத்துக்குச் சற்றுக் கீழேயே நிற்கட்டும். அதைத் தாண்டி வழிந்தால் கருங்கோடு கிளேஸுக்குள் மூழ்கி, ஈயப் பட்டையின் எடுப்பான தோற்றம் போய்விடும். குமிழி தெரிந்தால் உடனே குண்டூசியால் குத்தி ஓரத்துக்கு இழுத்து உடைத்துவிடுங்கள். மேற்பரப்பு ஆடை கட்டிய பிறகு தொட்டால் தழும்பு நிலைத்துவிடும்.

நிரப்பியதைச் சமதளத்தில், தூசி விழாமல், இரவு முழுவதும் விட்டுவிடுவதே பாதுகாப்பானது. மழைக்காலத்தில் இன்னும் நேரம் எடுக்கும். அவசரப்பட்டு ஹேர் டிரையரின் சூட்டைக் காட்டினால் கிளேஸில் குமிழி கிளம்பும், ஷீட்டும் நெளியும்.

காய்ந்ததும் அட்டை முகப்பின் உட்புறத்தில் சாளரத்தைச் சுற்றி டபுள் சைட் டேப் ஒட்டி, கிளேஸ் பக்கம் வெளியே தெரியும்படி ஷீட்டைப் பொருத்துங்கள். டேப் தெரியாமல் இருக்க, நடுவில் சாளர அளவுக்குத் திறப்பு வெட்டிய ஒரு வெள்ளைத் தாள் சட்டத்தை அதன்மேல் ஒட்டலாம். எதிர்ப்பக்கம் வெள்ளையாகவே இருக்கட்டும். அட்டை மூடியிருக்கும்போது அந்த வெண்மைதான் ஒளியைத் திருப்பி அனுப்பி வண்ணங்களை உயிர்ப்பிக்கும். பல அட்டைகள் செய்து அடுக்குவதானால் ஒவ்வொன்றுக்கும் இடையில் பட்டர் பேப்பர் வையுங்கள், வெயில் காலத்தில் கிளேஸ் பரப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.