அம்மா செய்த தொண்டை எழுதி வைக்க

முதலாமாண்டு நினைவுநாளுக்கு ஃபிளெக்ஸ் வைப்பதைவிட நினைவு மலராக ஒரு சிறு புத்தகம் போடுவது நல்லது. அதற்கு வீட்டாரிடம் மட்டும் கேட்டால் போதாது. நமக்கு அம்மாவின் சமையலும் கோபமும்தான் தெரியும். அவர் யாருக்காக ஓடினாரோ, அவர்களிடம் போங்கள்.

எங்கள் அம்மா 1991-இல் புதுக்கோட்டையில் பெரியவர்களுக்கு எழுத்தறிவித்த அறிவொளி இயக்கத்தில் தொண்டர். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். கிராமத்துப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்ற காலம். அம்மாவிடம் படித்த, கல்லுடைக்கும் அக்கா ஒருவரைத் தேடிப் போனேன். "அம்மா எப்படிப்பட்டவங்க?" என்று கேட்டால் "தங்கமானவங்க" என்பதோடு பேச்சு நின்றுவிடும். "முதல்ல எந்த எழுத்து எழுதினீங்க?" என்று கேளுங்கள். அவர் மண்ணில் விரலால் 'ப' போட்டுக் காட்டினார். "கையெல்லாம் காய்ப்பு, பென்சிலே பிடிபடல. உங்கம்மாதான் என் கையைப் பிடிச்சு எழுத வச்சாங்க." அதை அவர் பேச்சிலேயே அச்சிட்டோம். திருத்தக் கூடாது.

பதிவு செய்வதைப் பேரப்பிள்ளைகளிடம் விடுங்கள். பாட்டியைப் பற்றி அவர்களே கேட்கட்டும். வருஷம் நினைவில்லை என்பவரிடம், 1995-இல் தொடங்கிய போலியோ சொட்டு மருந்து முகாமுக்கு முன்னாடியா, பின்னாடியா என்று கேட்டால் பிடி கிடைக்கும்.

போட்டோக்களின் பின்னால் பெயர்களைப் பென்சிலில் மெதுவாக எழுதுங்கள். பேனா மை ஊறிவிடும்.

எழுத்து பெரிதாக இருக்கட்டும். முப்பது வயதுக்குமேல் எழுத்துக் கூட்டப் பழகியவர்களும் தாங்களே வாசிக்க வேண்டும். முதல் பிரதிகள் அவர்களுக்கு; உறவினர்களுக்கு அதன் பிறகுதான். ஊர் நூலகத்துக்கும் ஒன்று கொடுங்கள்.