பழைய சீன உச்சரிப்பும் இன்றைய வாயும்

போன வாரம் ஒரு தம்பி நோட்டோடு வந்தான். "அண்ணே, குவாங்யுன்ல எக்கச்சக்கமா தப்பு இருக்கு." குவாங்யுன் என்பது பழைய சீன இயைபு அகராதி, சொற்களின் ஒலியைச் சொல்வது. நோட்டைப் புரட்டினேன். பல வருடங்களுக்கு முன் நான் போட்டு வைத்த அதே பட்டியல்!

எழுத்து மாறாட்டம், பக்கம் தவறுவதெல்லாம் தானாகச் சரியாகிவிடும். அதை விடுங்கள். நம்மைச் சிக்கவைப்பவை கீழே வரும் தப்புகள்தான்.

இன்றைய மாண்டரினில் கூட்டிப் படிப்பது

சீன எழுத்தை எழுத்துக்கூட்டி வாசிக்க முடியாது. அதனால் பழைய உரைகாரர்கள் ஒரு சொல்லின் ஒலியைக் காட்ட வேறு இரண்டு எழுத்துகளைக் கொடுத்தார்கள். முதலாவதில் தொடக்க மெய்யை எடுத்துக்கொள்ள வேண்டும், இரண்டாவதில் மிச்ச ஒலியையும் தொனியையும் (குரலின் ஏற்ற இறக்கம்). ஃபான்ச்சியே என்று பெயர். நம் கணக்கில் மேலெழுத்து மோனை, கீழெழுத்து இயைபு.

மா சே துங் பெயரின் கடைசியில் வரும் 'துங்' என்றால் கிழக்கு. அதற்கு 1008-இல் வந்த குவாங்யுன் தருவது 'த' + 'ஹுங்'. இன்றைய வாயால் கூட்டினால் துங் வந்துவிடும், ஆனால் ஹுங்கின் இரண்டாம் தொனியோடு. கிழக்குக்கு இன்று முதல் தொனி. உடனே சிவப்பு மை, "புத்தகம் தப்பு".

அன்று இரண்டுக்கும் ஒரே 'சம' தொனிதான். பிற்பாடு, தொடக்க மெய் 'இந்த' என்பதில் வரும் தகரம்போல் அதிர்ந்து ஒலித்ததா இல்லையா என்பதை வைத்து அந்தத் தொனி இரண்டாகப் பிரிந்தது. ஹுங் அதிர்ந்த கட்சி, கிழக்கு அதிராத கட்சி.

'அசைதல்' என்னும் சொல் இன்னும் மோசம். குறிப்பு: 'து' + 'த்சுங்'. கூட்டினால் மூச்சோடு சொல்லும் துங், மூன்றாம் தொனி. இன்று இருப்பதோ மூச்சில்லாத துங், நான்காம் தொனி. (தமிழில் எழுதினால் எல்லாமே 'துங்'. நமக்கென்று வாய்த்த கூடுதல் வம்பு.) பழைய அதிர்ந்த மெய் சம தொனியில் மூச்சொலியானது, மற்றவற்றில் மூச்சை இழந்தது. அத்தோடு, அதிர்ந்த மெய்யில் தொடங்கி 'ஏறும்' தொனியில் இருந்த இதுபோன்ற சொற்கள் 'போகும்' தொனிக்கு, அதாவது இன்றைய நான்காவதுக்கு, நகர்ந்துவிட்டன.

இது தெரியாமல் மூன்று மாதம் தப்பு தப்பு என்று வட்டம் போட்டேன். ஒருநாள் வட்டங்களைத் தொடக்க மெய் வாரியாக அடுக்கினால், பெரும்பாலானவை ஒரே ஒழுங்கில் வந்து விழுந்தன. இன்றும் எரிச்சலாக இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ச்சென் லி என்ற சீன அறிஞர் வாயையே திறக்காமல் செய்த வேலை இது: எந்த எழுத்து எதற்குக் குறிப்பாக வருகிறது என்று சங்கிலி கோத்தே மெய்களையும் இயைபுகளையும் வகை பிரித்தார். முதலில் கோத்துப் பாருங்கள். ஒலிப்பது அப்புறம்.

ச்சியேயுன் ஓர் ஊர்ப் பேச்சு என்று நம்புவது

ச்சியேயுன், குவாங்யுனுக்கு மூலமான அகராதி. 601-இல் லு ஃபாயான் தொகுத்தது. ஒரு நாள் இரவு வீட்டுக்கு வந்த எட்டுப் பேர், மது ஓய்ந்த வேளையில் வடக்கு, தெற்கு வழக்குகளை அலசியதை முன்னுரையில் அவரே சொல்கிறார். அது கலவை.

இயைபு இடித்தால் பாட்டின் ஒலியைத் திருத்துவது

ஷிஜிங் என்னும் மிகப் பழைய சீனப் பாடல் தொகுப்பில் உரைகாரர் ஜூ ஷி செய்தது அதுதான். ஒரே சொல்லுக்கு இடத்துக்கொரு ஒலி. மிங் காலத்து ச்சென் தி வந்துதான், பாட்டு சரி, மாறியது ஒலி என்று காட்டினார்.

கான்டனீஸைக் கேட்காமல் விடுவது

தென் சீனப் பேச்சு அது. விடாதீர்கள். புத்தரைக் குறிக்கும் சொல் மாண்டரினில் ஃபோ. கான்டனீஸில் ஃபத். அந்தத் 'த்' பழசு.