கத்தலோனியக் கனெலோன்ஸ்: இறைச்சி வைத்துச் சுருட்டி, பெஷமெல் சாஸ் ஊற்றிச் சுடும் முறை

பார்சலோனாவிலும் சுற்றியுள்ள கத்தலோனியப் பகுதியிலும் டிசம்பர் 26, புனித ஸ்தேவான் திருநாளன்று, மதிய உணவுக்குக் கனெலோன்ஸ், அதாவது பாஸ்தாத் தாளில் இறைச்சி வைத்துச் சுருட்டிச் சுட்ட பண்டம், செய்வது வழக்கம். இத்தாலியக் கன்னெல்லோனி 19-ஆம் நூற்றாண்டில் அந்நகர உணவகங்கள் வழியாக வந்து, கிறிஸ்துமஸ் விருந்தில் மிஞ்சிய இறைச்சியைத் தீர்க்கும் பண்டமாக வீடுகளில் நிலைத்துவிட்டது. இதில் பச்சைக் கொத்துக்கறியை வதக்குவதில்லை. துண்டுகளாக வறுத்து வேகவைத்த பிறகுதான் அரைக்கிறார்கள். அந்தச் சுவைக்காகவே இந்த முறையை நான் விரும்புகிறேன்.

ஆறு பேருக்கு எலும்பில்லாத கோழித்தொடை, பன்றி, மாடு ஆகிய மூன்றிலும் 300 கிராம் வீதம் எடுத்துக்கொள்ளுங்கள். உப்பும் மிளகும் தடவி, ஆலிவ் எண்ணெயில் எல்லாப் பக்கமும் சிவக்க வறுத்து, நறுக்கிய இரண்டு பெரிய வெங்காயம், ஒரு தக்காளி, நான்கு பூண்டுப் பற்கள், சிறு துண்டு பட்டை சேர்த்து, அரைக் கோப்பை பிராந்தி ஊற்றி, மூடி, சிறு தீயில் வேகவிடுங்கள். பிராந்தி வேண்டாமென்றால் இறைச்சிச் சாறு போதும். கோழியை 40 நிமிடத்தில் எடுத்துவிடலாம். மற்றவை கரண்டியால் அழுத்தினால் உடையும்வரை வேக வேண்டும். அடியில் தண்ணீர் நின்றால் திறந்து வைத்து வற்றவிடுங்கள்.

ஆறியதும் வெங்காயத்தோடு சேர்த்து அரைக்க, கையால் சுற்றும் இறைச்சி அரைப்பானே என் தேர்வு. மிக்ஸிதான் இருக்கிறதென்றால், விப்பரில் விட்டு விட்டு இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் ஓட்டாதீர்கள். விழுதாகிவிட்டால் கடிக்க ஒன்றும் இருக்காது.

பெஷமெல் சாஸ்தான் புதியவர்கள் தடுமாறும் இடம். அடி கனமான பாத்திரத்தில் 70 கிராம் வெண்ணெயை உருக்கி, 70 கிராம் மைதாவைக் கொட்டி, நிறம் மாறாமல் சிறு தீயில் இரண்டு நிமிடம் கிளறுங்கள். வெண்ணெய் மாவுத் துகள்களைத் தனித்தனியாகப் பூசி வைப்பதால்தான் கட்டி தட்டாமல் இருக்கிறது. வெறும் மாவில் சூடான பால் பட்டால் வெளிப்புறம் உடனே வெந்து, உள்ளே உலர்ந்த மாவு சிக்கிக்கொள்ளும். ஒரு லிட்டர் பாலில் முதல் கோப்பையை மூன்று தவணையாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் பசை வழவழப்பாகும்வரை கம்பித் துடுப்பால் அடித்த பின்னரே அடுத்ததை ஊற்றுங்கள். அதற்குமேல் மீதிப் பாலைத் தாராளமாக ஊற்றலாம். கொதி வந்ததும் நிறுத்திவிடாமல் இன்னும் எட்டு நிமிடம் சிறு தீயில் கிளறினால்தான் பச்சை மாவு வாசனை போகும். கரண்டியின் முதுகில் விரலால் கோடு கிழித்தால் அது மூடிக்கொள்ளாமல் நிற்க வேண்டும். உப்பும் துருவிய ஜாதிக்காயும் சேர்த்து, இதில் நான்கு கரண்டியை இறைச்சியில் கலந்துகொள்ளுங்கள். கலவை உதிராமல் பிடித்து நிற்கும்.

சதுரப் பாஸ்தாத் தாள்கள் இருபதிலிருந்து இருபத்துநான்கு வரை தேவைப்படும். கொதிக்கும் உப்பு நீரில் ஒவ்வொன்றாகப் போட்டு, பொட்டலத்தில் குறித்த நேரம் வேகவைத்து, குளிர்நீரில் நனைத்து, பருத்தித் துணியில் ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். தண்ணீரில் எண்ணெய் விடுவதால் பயனில்லை. கிளறிக்கொண்டிருப்பதே ஒட்டாமல் காக்கும். ஒரு தாளுக்கு ஒன்றரை மேசைக்கரண்டிக் கலவை வைத்துச் சுருட்டி, சாஸ் தடவிய தட்டில் மடிப்பு அடியில் வரும்படி நெருக்கி அடுக்கி, மீதிச் சாஸால் முழுவதும் மூடுங்கள். துருவிய சீஸும் சில வெண்ணெய்த் துண்டுகளும் மேலே போட்டு, 200 டிகிரி செல்சியஸில் இருபது நிமிடம் சுட்டால் மேற்பரப்பு ஆங்காங்கே பழுப்பாகும்.

பின்சேர்க்கை: சதுரத் தாள் கிடைக்கவில்லை என்று பலர் எழுதியிருந்தார்கள். லசாஞ்யா என்ற நீளமான பாஸ்தாத் தாளை வேகவைத்த பின் குறுக்கே இரண்டாக வெட்டினால் போதும். வேகவைக்காமல் திணிக்கும் குழாய் வகையை வாங்கியவர்கள், அது சாஸின் ஈரத்தில்தான் வேக வேண்டும் என்பதால், பாலைக் கால் லிட்டர் கூட்டி, ஃபாயில் மூடி அரை மணி நேரம் சுட்டு, பிறகு திறந்து பழுப்பாக்குங்கள். முதல் நாளே அடுக்கிக் குளிர்பெட்டியில் வைப்பவர்களும் முதல் பத்து நிமிடம் மூடியே சுடுவது நல்லது.