30 நாளில் பூட்டிக்கொண்ட விஷுவல் ஸ்டுடியோ

கோத்தகிரிக்குப் பக்கத்தில் சித்தப்பா நடத்தும் பச்சைத் தேயிலைக் கொள்முதல் கொட்டகைக்கு எடைக்கணக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். அதற்கு, நிரல் எழுத உதவும் மைக்ரோசாப்டின் விஷுவல் ஸ்டுடியோவில் ஆசைப்பட்டு எண்டர்பிரைஸ் என்ற பெருநிறுவனப் பதிப்பைச் சோதனைக்கு நிறுவியது என் தவறு. 30 நாள் முடிந்ததும் பூட்டிக்கொண்டது.

விற்பனையாளர் ஒருவர் அதன் புரொபஷனல் பதிப்புக்குச் சொன்ன விலையில் கொட்டகையின் தகரக்கூரையையே மாற்றிவிடலாம். பிறகுதான் உரிம விதிகளைப் பொறுமையாகப் படித்தேன். கம்யூனிட்டி பதிப்பு 2014 முதல் இலவசம். தனி ஆள் எழுதும் நிரலை விற்கவும் தடையில்லை. சிறு நிறுவனம் என்றால் 5 பேர் வரை பயன்படுத்தலாம். 250 கணினிகளையோ ஆண்டு வருவாயில் 10 லட்சம் டாலரையோ தாண்டிய நிறுவனத்துக்கு அந்தச் சலுகை இல்லை. சித்தப்பாவிடம் இருப்பது ஒரே கணினி, அதுவும் பழையது!

மழைக்காலத்தில் எங்கள் ஊர் இணையத்தை நம்ப முடியாது. குன்னூரில் நண்பன் வீட்டில் கம்யூனிட்டியின் நிறுவல் கோப்புகளைப் பென்டிரைவில் இறக்கி வந்தேன். விண்டோஸ் கணினி நிரல்களுக்கான டாட்நெட் டெஸ்க்டாப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்ததால் வட்டில் இடம் மிஞ்சியது. பழைய திட்டம் ஒரு வரிகூட மாறாமல் திறந்தது. மைக்ரோசாப்ட் கணக்கில் உள்நுழைய மறந்தால் இதுவும் 30 நாளில் முரண்டு பிடிக்கும்.

அப்புறம் தராசு. அதன் முகப்பில் 14.6 கிலோ, என் திரையிலோ கிறுக்கல். ஓடும் நிரலைக் குறிப்பிட்ட வரியில் நிறுத்திச் சோதிக்கும் நிறுத்தப்புள்ளி வைத்துப் பார்த்தேன். தராசு எடையை நொடிக்கு 2400 பிட் வேகத்தில் கணினிக்கு அனுப்ப, நான் 9600 என்று எழுதியிருந்தேன். இதைக் கண்டுபிடிக்க எண்டர்பிரைஸ் எதற்கு?

மறுநாள் முதல் மூட்டையோடு வந்த பாட்டி திரையை உற்றுப் பார்த்துவிட்டு, “நோட்டில் எழுதும்போது 15 என்று போடுவீர்களே?” என்றார்.