பேப்பர் லாமா லோரியும் ஜிடிஜியும்: மெயின்ஃபிரேம் பேட்சுக்குப் புதியவர்களுக்கு

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் பாட்டி, தமிழ் நாளிதழ்களைக் கட்டிலடியில் அடுக்கி வைப்பார். ஏழு நாள் பேப்பர்தான், அதற்கு மேல் இடமில்லை. எட்டாவது மேலே ஏறியதும் அடியில் கிடப்பது வாசலுக்குப் போகும். 'பேப்பர் லாமா' (பழைய பேப்பர்) என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் லோரி அதை எடுத்துக்கொண்டு போகும். நேற்றைய பேப்பர் வேண்டுமென்றால் தாத்தா தேதியைத் தேடமாட்டார், மேலிருந்து இரண்டாவதை உருவுவார்.

மெயின்ஃபிரேமில் ஜிடிஜி (ஜெனரேஷன் டேட்டா குரூப்) செய்வதும் இதைத்தான். தினமும் ராத்திரி ஓடும் ஜாப் ஒரு புது டேட்டாசெட் (கோப்பு) எழுதுகிறது. பெயரில் தேதியைச் சேர்த்தால், ஜாப்புக்கான கட்டளைகளை எழுதும் ஜேசிஎல்லைத் தினமும் திருத்த வேண்டும். அதற்குப் பதில் 'புதுசு', 'இப்போது இருப்பது', 'அதற்கு முந்தியது' என்று எண்ணால் சொல்லிவிடுகிறோம்.

(கட்டளைகளை எடிட்டரில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். இங்கே வாயால் சொல்வதுபோல் எழுதியிருக்கிறேன்.)

படி 1: பேஸ் உருவாக்குங்கள்

டேட்டாசெட்களை நிர்வகிக்கும் ஐடிகேம்ஸ் புரோகிராமை ஓட்டும் ஒரு சின்ன ஜாப் போதும். அதற்குக் கட்டளை கொடுக்கும் சிஸ்இன்னில்:

டிஃபைன் ஜிடிஜி (நேம்(டெஸ்ட்.டெய்லி.டிரான்ஸ்) -
 லிமிட்(7) நோஎம்ப்டி ஸ்கிராட்ச்)

பேஸ் என்பது கேட்டலாகில் (டேட்டாசெட் பெயர்களின் பட்டியலில்) ஒரு பதிவு மட்டுமே, அதற்குள் தரவு எதுவும் கிடையாது. பெயர் 35 எழுத்தைத் தாண்டக்கூடாது. பின்னால் புள்ளியோடு ஒட்டிக்கொள்ளும் 9 எழுத்துக்கு இடம் வேண்டும், மொத்த வரம்பு 44.

லிமிட் என்பது எத்தனை பேப்பர் அடுக்கலாம் என்பது. சாதாரண ஜிடிஜிக்கு உச்சம் 255. மெயின்ஃபிரேமின் இயங்குதளமான இசட்/ஓஎஸ் 2.2 முதல் 'எக்ஸ்டெண்டட்' என்று சேர்த்துக் கொடுத்தால் 999 வரை போகலாம்.

நோஎம்ப்டி என்றால் வரம்பு மீறும்போது மிகப் பழையது மட்டும் வெளியேறும். எம்ப்டி என்று கொடுத்தால் பழைய ஏழும் ஒரேயடியாக வெளியேறி, புதுசு மட்டும் தனியாக நிற்கும். பாட்டி அப்படிச் செய்திருந்தால் தாத்தா சண்டைக்கு வந்திருப்பார். நீங்களும் அதைத் தொடாதீர்கள்.

ஸ்கிராட்ச் என்றால் வெளியேறியது டிஸ்கிலிருந்தும் அழியும். நோஸ்கிராட்ச் கொடுத்தால் ஜிடிஜியின் அடுக்கிலிருந்து மட்டும் நீங்கும், டிஸ்கில் கிடக்கும். லோரி வராமல் பேப்பர் வாசலிலேயே கிடக்கிற கதைதான். எதையும் சொல்லாமல் விட்டால் நோஸ்கிராட்ச்தான் அமலாகும், கவனம்.

படி 2: எழுதுங்கள்

ஜாப்பின் முதல் ஸ்டெப்பில் டிஎஸ்என்னாக (டேட்டாசெட் பெயராக) டெஸ்ட்.டெய்லி.டிரான்ஸ்(+1) என்றும், டிஸ்ப் (நியூ,கேட்டலாக்,டிலீட்) என்றும் கொடுங்கள்: புதுசு, நன்றாக முடிந்தால் கேட்டலாகில் ஏற்று, விழுந்தால் அழி. முதல் தடவை ஓடியதும் ஜி0001வி00 என்ற வாலோடு ஒரு டேட்டாசெட் பிறக்கும். மறுநாள் ஜி0002வி00. அதுதான் உண்மையான பெயர், (+1) வெறும் செல்லப்பெயர்.

படி 3: படியுங்கள்

வேறொரு ஜாப்பிலிருந்து படிக்க (0) போட்டால் கடைசியாக எழுதியது, (-1) போட்டால் அதற்கு முந்தியது. எண்ணே போடாமல் பேஸ் பெயரை மட்டும் கொடுத்தால் இருக்கிற எல்லா ஜெனரேஷன்களும் (ஒவ்வொரு ஓட்டமும் எழுதிய டேட்டாசெட்களும்) ஒன்றாகச் சேர்ந்து வரும், வழக்கமாகப் புதுசு முதலில். வாராந்திரக் கூட்டலுக்கு இது வசதி.

எழுதிய அதே ஜாப்புக்குள் அடுத்த ஸ்டெப்பில் படிப்பதாக இருந்தால் (0) போடக்கூடாது, (+1)தான். எண்ணிக்கையின் தொடக்கப்புள்ளி ஜாப் முடியும்வரை நகராது. அதே ஜாப்பில் இன்னொன்று எழுதினால் அது (+2).

படி 4: நடுவில் விழுந்தால்

இந்த இடத்தில் நானே சறுக்கியிருக்கிறேன். தைப்பூச நேரம், ஒரு புதன்கிழமை ராத்திரி. ஜாலான் துன் எச்.எஸ். லீ மாரியம்மன் கோவிலிலிருந்து வெள்ளி ரதம் பத்துமலைக்குக் கிளம்பியிருக்கும். நான் நைட் ஷிஃப்டில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் ஸ்டெப் முடிந்தது, இரண்டாவது விழுந்தது. இரண்டாவதிலிருந்து அப்படியே ரீஸ்டார்ட் கொடுத்தேன். டேட்டாசெட் இல்லை என்று ஜேசிஎல் எரர் வந்தது. பதற்றத்தில் முழு ஜாப்பையும் முதலிலிருந்து ஓட்டினேன். பச்சையாக முடிந்தது. தே தாரேக் குடிக்கப் போய்விட்டேன்.

ஞாயிறு ராத்திரி வாராந்திர ஜாப் ஓடியது. திங்கள் காலை சீனியர் கூப்பிட்டார்.

"தம்பி, புதன்கிழமை கணக்கு ரெண்டு தடவ இருக்கு. திங்கக்கிழமை எங்கடா?"

"அண்ணே, ஜாப் எல்லாம் சுத்தமா முடிஞ்சதே..."

ஏழு ஜெனரேஷன் இருந்தது, எண்ணிக்கை சரி. ஆனால் புதனுக்கு ஜி0038, ஜி0039 என்று இரண்டு. ஒன்று கூடியதால் ஞாயிற்றுக்கிழமையுடையது ஏறியபோது திங்களின் ஜி0036 அடியிலிருந்து வெளியே போய்விட்டது. ஸ்கிராட்ச் வேறு. டேப் பேக்கப்பிலிருந்து மீட்டோம்.

நடந்தது இதுதான். முதல் ஸ்டெப் முடிந்தபோதே ஜி0038 கேட்டலாகில் ஏறிவிட்டது. மறுபடி சப்மிட் செய்யும்போது அது (+1) இல்லை, (0). இரண்டாவது ஸ்டெப்போ (+1) என்று இன்னும் பிறக்காத ஜி0039-ஐத் தேடியது.

ஆக, இரண்டே வழி. விழுந்த ஸ்டெப்பிலிருந்து ஓட்டுவதானால், அதிலும் அதற்குப் பின்னாலும் அந்த டேட்டாசெட்டைப் படிக்கும் (+1)களை (0) ஆக மாற்றுங்கள். முதலிலிருந்து ஓட்டுவதானால், முந்திய ஓட்டம் எழுதியதை ஜி0038வி00 என்று முழுப்பெயர் கொடுத்து முதலில் அழியுங்கள். டிலீட்டில் (0) போடாதீர்கள். அந்த ஓட்டம் கேட்டலாகில் எதையும் ஏற்றாமலே விழுந்திருந்தால் (0) என்பது நேற்றைய நல்ல கோப்பு. சில இடங்களில் ஜாப்களை நேரப்படி ஓட்டும் ஷெட்யூலரே இதைப் பார்த்துக்கொள்ளும். உங்கள் இடத்தில் எப்படி என்று ஷிஃப்ட் தொடங்கும் முன்பே கேட்டு வையுங்கள்.

படி 5: பழகிப் பாருங்கள்

ஐடிகேம்ஸில் லிஸ்ட்கேட் என்ட்ரீஸ்(டெஸ்ட்.டெய்லி.டிரான்ஸ்) ஆல் என்றால் லிமிட்டும் இருக்கிற ஜெனரேஷன்களும் தெரியும். ரீஸ்டார்ட்டுக்கு முன் ஒரு தடவை இதை ஓட்டுங்கள், ஒரு நிமிஷ வேலை. லிமிட்டை மாற்ற ஆல்டர் இருக்கிறது. கூட்டுவதில் ஆபத்தில்லை, குறைத்தால் பழையவை வெளியேறிவிடும்.

உங்கள் சொந்த ஐடியில் லிமிட்(3) வைத்து ஒரு பேஸ் உருவாக்கி, ஐஇஎஃப்பிஆர்14 (எதுவும் செய்யாமல் முடியும் புரோகிராம்) ஜாப்பில் (+1) போட்டு ஐந்து தடவை சப்மிட் செய்யுங்கள். லிஸ்ட்கேட்டில் ஜி0003, ஜி0004, ஜி0005 மட்டும் நிற்கும். அப்புறம் இரண்டு ஸ்டெப் ஜாப் ஒன்று எழுதி, இரண்டாவதை வேண்டுமென்றே விழவைத்து, ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள்.