இவான் இலியீச்சோடு ஒரு புரூன்ஸ் கேக்

நண்பர்கள் கூடிப் படிக்கும் புத்தகத்துக்குப் பொருத்தமாகக் கேக் செய்ய நினைத்தால், அட்டையின் நிறத்தையோ எழுத்தாளரின் நாட்டையோ பார்த்து முடிவு செய்யாதீர்கள். கதைக்குள் யாராவது எதையாவது சாப்பிடுகிறார்களா, சாப்பிட்டதை நினைத்து ஏங்குகிறார்களா என்று தேடுங்கள். சாவைப் பற்றிய கதைகளில் இது கட்டாயம் கிடைக்கும். படுக்கையில் விழுந்தவருக்குக் கடைசிவரை துணை இருப்பது நாக்குதான் என்பது என் எண்ணம்.

டால்ஸ்டாய் 1886இல் வெளியிட்ட ‘இவான் இலியீச்சின் மரணம்’ குறுநாவலில் அது பத்தாவது அத்தியாயத்தில் இருக்கிறது. நீதிபதியாக இருந்த இவான் இலியீச், சுவரைப் பார்த்தபடி சோபாவில் கிடக்கிறார். அன்று அவருக்கு வேகவைத்த உலர் பிளம்ஸ், அதாவது புரூன்ஸ், கொடுத்திருக்கிறார்கள். உடனே நினைப்பு சின்ன வயதுக்கு ஓடுகிறது. சுருங்கிப்போன பிரெஞ்சு பிளம்ஸ், அதன் தனி ருசி, கொட்டையைச் சப்பும்போது ஊறிய எச்சில். அந்த ருசியின் பின்னாலேயே வளர்த்த ஆயா, சகோதரன், விளையாட்டுப் பொம்மைகள் எல்லாம் வருகின்றன.

என் அம்மாவும் கடைசி மாதங்களில் கஞ்சியோ ஹார்லிக்ஸோ கேட்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் விற்ற இலந்தவடையைத்தான் கேட்டார். தம்பி அலைந்து வாங்கி வந்தான். கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, “புளிப்பு பத்தலைடா” என்றார். பத்தாவது அத்தியாயத்தை எடுத்தால் எனக்கு அந்தக் குரல் கேட்கும்.

அதனால் கேக்கில் புரூன்ஸ் தவிர வேறு பழம் வேண்டாம். உலர்பழக் கடைகளில் பெரும்பாலும் கொட்டை நீக்கித்தான் விற்கிறார்கள். கொட்டையோடு கிடைத்தால் விடாதீர்கள், கேக்குக்குப் போக ஆளுக்கு இரண்டு தனியே எடுத்து வையுங்கள்.

படிப்பதற்கு முந்தைய நாளே கேக்கைச் செய்துவிடுங்கள். ஒரு ராத்திரி இருந்தால்தான் பழத்தின் சாறு மாவில் இறங்கும். 150 கிராம் புரூன்ஸை (கொட்டை இருந்தால் எடுத்துவிட்டு) இரண்டிரண்டாக நறுக்கி, சூடான பால் விடாத டீயில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். டீ கொஞ்சம் கடுப்பாகவே இருக்கட்டும், அந்தத் துவர்ப்பு இனிப்பை அடக்கும். இரண்டு முட்டையையும் 100 கிராம் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, 80 மில்லி எண்ணெயும் 100 மில்லி புளிக்காத தயிரும் சேருங்கள். 150 கிராம் மைதா, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கால் டீஸ்பூன் சமையல் சோடா, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைச் சலித்துப் போட்டு, மாவு மறையும் வரை மட்டும் கிளறுங்கள். புரூன்ஸை வடிகட்டி, மைதாவில் புரட்டிச் சேர்த்தால் அடியில் போய் உட்காராது. எண்ணெய் தடவிய ஏழு அங்குலப் பாத்திரத்தில் ஊற்றி, சூடேறிய ஓவனில் 170 டிகிரியில் சுமார் 40 நிமிடம். ஓவன் இல்லையா? கனமான கடாயில் உப்பைப் பரப்பி, ஸ்டாண்டு வைத்து, மூடிச் சிறுதீயில் 50 நிமிடம். குச்சி குத்தினால் மாவு ஒட்டாமல் வர வேண்டும்.

ஐசிங் வேண்டவே வேண்டாம். இவான் இலியீச்சின் வீட்டில் ஏற்கெனவே ஜோடனை அதிகம். திரையை எப்படித் தொங்கவிடுவது என்று காட்ட ஏணியில் ஏறி, கால் வழுக்கி, ஜன்னல் குமிழில் விலாவை இடித்துக்கொள்கிறார் மனிதர். அவருடைய நோவின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

அப்புறம், படிக்கும் முறை. மொத்தம் பன்னிரண்டு சின்ன அத்தியாயங்கள், ஒரு மதியம் போதும். முதல் ஆறுக்கும் வெறும் டீ மட்டும் கொடுங்கள். ஏழாவதை யாராவது வாய்விட்டுப் படிக்கட்டும். அதில்தான் கெராசிம் முன்னுக்கு வருகிறான். வீட்டில் எல்லாரும் இது வெறும் நோய்தான் என்று நடித்துக்கொண்டிருக்க, வேலைக்கார இளைஞன் அவன் ஒருவன்தான் பொய் சொல்லாதவன். எஜமானருக்கு வலி குறைகிறதென்று அவர் கால்களைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறான். நாம் எல்லாருமே சாகப்போகிறவர்கள், இந்தச் சிரமம் எடுத்தால் என்ன என்பது அவன் கணக்கு. நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்கள் கூட்டத்தில் இருந்தால் இங்கே பேச்சு தானாகக் கிளம்பும். அவசரப்படுத்தாதீர்கள்.

பத்தாவது வந்ததும் கேக்கை வெட்டுங்கள். கொட்டையுள்ள பழம் இருந்தால் முதலில் அதைக் கொடுத்து, அந்தப் பத்தியைப் படிக்கும்போது எல்லாரும் வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அதன் பிறகே கேக். ஊறிய பழத்துக்கும் உலர்ந்த பழத்துக்கும் உள்ள தூரம் அப்போது நாக்குக்கே தெரியும்.

வீட்டில் சமீபத்தில் காரியம் முடிந்தவர் யாராவது வந்திருந்தால், பன்னிரண்டாவது அத்தியாயத்தில் மூன்று நாள் ஓயாத அலறல் வருகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பத்தோடு எழுந்துபோக விரும்பினால் தடுக்காமல், இரண்டு துண்டு கட்டிக்கொடுங்கள். வெளியே வைத்தால் இரண்டு நாள் தாங்கும், வெயில் காலமென்றால் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள்.