பலாக்கொட்டையில் ஒரு நீக்க வினை

திருப்பாதிரிப்புலியூரில் மொட்டை மாடியில் டியூஷன் எடுக்கிறேன். நீக்க வினை என்றால் ஒரு மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜனும் புரோமின் போன்ற ஹாலஜனும் கழன்று இரட்டைப் பிணைப்பு உருவாவது. அதைச் சொன்னதும் பிள்ளைகள் சேட்செஃப் விதியைத்தான் நீட்டுவார்கள்: இரட்டைப் பிணைப்பில் அதிகக் கார்பன் கிளைகள் உள்ள விளைபொருள்தான் அதிகம் கிடைக்கும் என்பது. நானும் அப்படி எழுதி மதிப்பெண்ணைக் கோட்டை விட்டவன்தான். விதி கடைசியில் வரட்டும், முதலில் காரத்தைப் பாருங்கள்.

எத்தாக்சைடு போன்ற வலுவான காரம் என்றால் ஈ2 (E2) என்ற வழி. காரம் ஹைட்ரஜனைப் பிடுங்குவது, இரட்டைப் பிணைப்பு உருவாவது, புரோமின் கிளம்புவது எல்லாம் ஒரே மூச்சில். மூவிணைய ஹாலைடு (ஹாலஜன் உள்ள கார்பனோடு மூன்று கார்பன்கள் இணைந்தது), வெறும் தண்ணீரோ எத்தனாலோ என்றால் ஈ1 (E1) என்ற வழி. புரோமின் தானாகக் கழன்றபிறகுதான் ஹைட்ரஜன் போகும். நன்றாகச் சூடாக்காவிட்டால் பெரும்பாலும் பதிலீட்டு விளைபொருள்தான் (புரோமின் இடத்தில் தண்ணீரோ எத்தனாலோ ஒட்டிக்கொண்டது) மிஞ்சும்.

சரி, சறுக்குகிற இடம் ஈ2-வில் கார்பன் வளையம் வரும்போதுதான். பலாக்கொட்டை ஆறை அரைவேக்காடாக வேகவையுங்கள், ஒவ்வொன்றும் ஒரு கார்பன். குழைந்தால் குச்சி நிற்காது. (பண்ருட்டிப் பக்கத்தில் கொட்டைக்கா பஞ்சம்!) ஈர்க்குச்சியால் வளையமாகக் கோத்து, ஒரு முனை மேலேயும் எதிர்முனை கீழேயும் வளைந்த நாற்காலி வடிவமாக்குங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குச்சி செங்குத்தாக, அடுத்தடுத்து மேலே, கீழே என்று மாறி மாறி. இன்னொன்று பக்கவாட்டில்.

1ஆம் கொட்டையின் மேல்குச்சியில் சின்ன வெங்காயம், அது புரோமின். 2ஆம் கொட்டையின் கீழ்க்குச்சியில் இன்னொரு பலாக்கொட்டை, அது மெத்தில் (CH₃). மீதி குச்சிகளில் மல்லாட்டைப் பருப்பு (வேர்க்கடலை), அது ஹைட்ரஜன். என் வகுப்பில் இதற்குள் பாதி ஹைட்ரஜன் வயிற்றுக்குள் போயிருக்கும். டிரான்ஸ்-1-புரோமோ-2-மெத்தில்சைக்ளோஹெக்சேன் தயார். டிரான்ஸ் என்றால் புரோமினும் மெத்திலும் வளையத்தின் எதிரெதிர்ப் பக்கம்.

ஈ2-வில் கழலும் புரோமினும் ஹைட்ரஜனும் நேரெதிராக நிற்க வேண்டும். ஆகவே வெங்காயத்துக்குப் பக்கத்துக் கொட்டைகளில், அதற்கு நேரெதிராகக் கீழே நிற்கும் மல்லாட்டையைத் தேடுங்கள். 2இல் அந்த இடத்தை மெத்தில் பிடித்துக்கொண்டது. அதன் மல்லாட்டை பக்கவாட்டில் கிடக்கிறது, உதவாது. 6இல் மட்டும் இருக்கிறது. ஆகவே 3-மெத்தில்சைக்ளோஹெக்சீன். சேட்செஃப் சொல்லும் 1-மெத்தில்சைக்ளோஹெக்சீனுக்கு இங்கே வழியே இல்லை.

அப்புறம் 2ஆம் கொட்டையில் மெத்திலையும் பக்கவாட்டு மல்லாட்டையையும் இடம் மாற்றுங்கள். அது சிஸ், புரோமினும் மெத்திலும் ஒரே பக்கம். இரண்டு பக்கமும் கீழே ஹைட்ரஜன் உண்டு. இப்போது விதியை எடுக்கலாம், 1-மெத்தில்சைக்ளோஹெக்சீன்தான் அதிகம்.

காரம் பருத்தது என்றால் மட்டும் விதி மறுபடி கவிழும். 2-புரோமோ-2-மெத்தில்பியூட்டேனில் எத்தாக்சைடு போட்டால் ஏறக்குறைய 70 சதவீதம் 2-மெத்தில்-2-பியூட்டீன். டெர்ஷியரி-பியூட்டாக்சைடு போட்டாலோ ஏறக்குறைய அதே அளவு 2-மெத்தில்-1-பியூட்டீன். அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு உள்ளே நுழைய முடியாமல், ஓரத்து ஹைட்ரஜனைப் பறித்துக்கொண்டு போய்விடுகிறது.